பத்திரத்தில் யார் பெயர்?



குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் எங்களிடம் வருகிறவர்கள், பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்று கேட்டு முடித்ததும், அடுத்துக் கேட்பது வீட்டைப் பற்றித்தான். மனைவி கேட்பார்: "பாதி வீடு எனக்கு வந்துடும்ல மேடம்?" கணவர் கேட்பார்: "பாதி சொத்து போயிடுமா மேடம்?" ஒருவருக்கு நம்பிக்கை, இன்னொருவருக்குப் பயம். இரண்டுக்குமே ஆதாரம் இல்லை. கோவாவையும், போர்த்துக்கீசியர் ஆண்ட டாமன், டையூவையும் விட்டுவிட்டால், விவாகரத்தின்போது கணவன் மனைவி சேர்த்த சொத்தைக் கணக்கெடுத்துப் பங்கு பிரிக்கும் சட்டம் இந்தியாவில் இல்லவே இல்லை.

பிறகு எல்லோர் மனதிலும் இந்தப் 'பாதி' எப்படி வந்து உட்கார்ந்தது? சினிமா ஒரு காரணம். வெளிநாட்டுச் செய்தி இன்னொரு காரணம். 2019இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் விவாகரத்துப் பெற்றபோது, தம்பதியிடம் இருந்த அமேசான் பங்குகளில் கால்வாசி அவர் மனைவி மெக்கன்சிக்குப் போயிற்று. அந்தச் செய்தி நம் டீக்கடை வரைக்கும் வந்தது. அவர்கள் வாழ்ந்த வாஷிங்டன் மாநிலத்தில், திருமண காலத்தில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்று சட்டம் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் அது கிடையாது.

கூடுவாஞ்சேரியிலேயே ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 2004இல் கல்யாணம். அவர் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அந்த அம்மா பி.காம். படித்து, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். முதல் பிரசவத்தோடு வேலையை விட்டார். 2009இல் ஒரு மனை வாங்குகிறார்கள். அட்வான்ஸுக்கு அந்த அம்மாவின் இருபது பவுன் அடகுக்குப் போகிறது. வட்டி கட்ட முடியாமல் நகை மூழ்கிவிடுகிறது. மீதிக்கு வங்கிக் கடன். சம்பளச் சீட்டு அவருடையது, அதனால் கடன் அவர் பெயரில், கிரயப் பத்திரமும் அவர் பெயரில். வீடு கட்டும்போது கணவர் பகல் ஷிப்டில் இருக்க, சிமெண்டு மூட்டையை எண்ணி இறக்கியதும், தளம் போட்ட பிறகு வேளா வேளைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அந்த அம்மா. பிறகு மாமியாருக்குப் பக்கவாதம். கழுவித் துடைத்து, ஊட்டிவிட்டு, கடைசிவரை பார்த்துக்கொண்டார். 2024இல் விவாகரத்து ஆகிறது. வீடு யாருக்கு?

கணவருக்கு. முழுசாக. நீதிபதி கல்நெஞ்சக்காரர் என்பதால் அல்ல. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கச் சொல்கிறது. தண்ணீர் ஊற்றியதெல்லாம் பத்திரத்தில் ஏறாது.

அந்த அம்மாவுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்து திருமணச் சட்டம், 1955இல் 27ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. திருமணத்தின்போதோ அதை ஒட்டியோ பரிசாக வந்து, இருவருக்கும் பொதுவாக இருக்கும் பொருளைப் பற்றி நீதிமன்றம் உத்தரவு போடலாம். பீரோ, கட்டில், வெள்ளிச் சாமான் இதில் வரும். ஐந்து வருஷம் கழித்து வாங்கிய மனை வராது. கலப்புத் திருமணம் செய்தவர்கள் பலர் போகும் சிறப்புத் திருமணச் சட்டம், 1954இல் இந்தப் பிரிவுகூட இல்லை.

நகைக்கு வருவோம். இதில்தான் சட்டம் பெண்ணுக்குத் தெளிவாகத் துணை நிற்கிறது. இதில்தான் பெண்கள் அதிகமாகத் தோற்கவும் செய்கிறார்கள். பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்தும் உறவிலிருந்தும் வந்த நகையும் பணமும் அவளுக்கு மட்டுமே சொந்தம். கணவர் கையில் இருந்தாலும் அவர் அதற்குக் காவல்காரர்தான். கேட்கும்போது கொடுக்காவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் இதே கருத்தை மறுபடி சொல்லியிருக்கிறார்கள். பெண் வீட்டார் போட்டது 89 பவுன். கல்யாணமான முதல் இரவே, பத்திரமாக இருக்கட்டும் என்று கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார் என்பது மனைவியின் வழக்கு. குடும்ப நீதிமன்றம் 2011இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் கடைசியில் 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. முதல் தீர்ப்பிலிருந்து கடைசித் தீர்ப்புக்கு 13 வருஷம். இன்றைய தங்க விலையில் 89 பவுன் எவ்வளவு என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இழுக்கிறது? போட்ட நகைக்குச் சான்று கேட்பார்கள். வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985இல் விதிகள் போட்டார்கள். பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியல். இன்ன பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு முறை எல்லாம் எழுதி, இரண்டிலும் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பட்டியலை எழுதிய கல்யாணம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆனால் மண்டப வாசலில் மேஜை போட்டு, இருவர் உட்கார்ந்து, இன்ன ஊர் இன்னார் 501 ரூபாய் என்று மொய் நோட்டு எழுதுவோம். நாற்பது வருஷம் ஆனாலும் பீரோவில் பத்திரமாக இருக்கும். ஐநூறு ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிற நாம், ஐம்பது பவுனுக்கு எழுதுவதில்லை. சம்பந்தியிடம் பட்டியல் நீட்டினால் தப்பாக நினைப்பார்களாம். நகைக்கடை ரசீதையாவது பெண்ணின் அம்மா வீட்டில் வைத்திருந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

அடுத்தது ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் மொத்தமாகவோ மாதா மாதமோ கேட்கலாம். தேவைப்பட்டால் அதற்குக் கணவரின் அசையாச் சொத்தையே பொறுப்பாக்கலாம். கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான அளவு என்று 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு வழக்குக்கும் இது மாறும். 2020 நவம்பரிலிருந்து, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இது உண்மையிலேயே உதவியிருக்கிறது. அதற்கு முன்பு, அதுவரை காரில் வந்துகொண்டிருந்த கணவர், மனு போட்டதும் வேலையில்லாதவர் ஆகிவிடுவார்.

முஸ்லிம் பெண்களுக்கு மஹரும், விவாகரத்துக்குப் பின் காத்திருக்கும் இத்தா காலத்துக்குள் எதிர்கால வாழ்வுக்குப் போதுமான ஏற்பாடும் உண்டு. மாத ஜீவனாம்சம் பொதுச் சட்டத்தின் கீழும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சொத்துப் பங்கு அங்கும் இல்லை.

ஜீவனாம்சம்தான் கிடைக்கிறதே, பங்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் அதே 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் படிக்க வேண்டும். ஜீவனாம்சம் வாங்குகிறவர் மறுமணம் செய்துகொண்டால் அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். வாங்குகிற மனைவி கற்புடன் இருக்கவில்லை என்று கணவர் நிரூபித்தாலும் அப்படியே. (வாங்குகிறவர் கணவர் என்றால் அவருக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை வைத்து நடந்த வழக்கை நான் பார்த்ததில்லை.) விவாகரத்து முடிந்துவிட்ட ஒரு பெண் அதன்பின் எப்படி வாழ்கிறாள் என்று முன்னாள் கணவர் வேவு பார்க்கச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சொத்தில் பங்கு என்று ஒன்று இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தன் சொத்தை வாங்கிக்கொண்டவர் மறுநாளே மறுமணம் செய்தாலும் யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005 கொடுக்கும் குடியிருக்கும் உரிமையையும் பலர் சொத்துரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாமனார் பெயரில் இருக்கும் வீடாக இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீடு என்றால் மருமகளைத் தூக்கி வெளியே போட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல தீர்ப்பு. ஆனால் அது தங்கும் உரிமை மட்டும்.

இப்போது உங்களை ஜாம்ஷெட்பூருக்கு அழைத்துப் போகிறேன். 1989 மார்ச் 3. எஃகு ஆலையின் நிறுவனர் நாள் விழாவில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். குடும்பத் தலைவிகளும் இறந்தவர்களில் உண்டு. சம்பாதிக்காத பெண்ணின் உயிருக்கு எப்படி இழப்பீடு கணக்கிடுவது? 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: 34 வயது முதல் 59 வயது வரையுள்ள இல்லத்தரசி வீட்டுக்குச் செய்யும் வேலையின் மதிப்பு வருஷத்துக்கு 36,000 ரூபாய். அதற்குப் பிறகு சாலை விபத்து வழக்குகளில் இந்தத் தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, பெரியவர்களைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் காசு மதிப்பு உண்டு என்று நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

அதாவது மனைவி லாரியில் அடிபட்டு இறந்தால் அவர் வேலைக்கு மதிப்பு உண்டு; அந்தத் தொகையைக் கணவரும் பிள்ளைகளும் வாங்கிக்கொள்ளலாம். அதே மனைவி உயிரோடு நீதிமன்றத்துக்கு வந்து, அதே வேலையைச் சொல்லி வீட்டில் பங்கு கேட்டால், பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லையே என்பார்கள். இதைவிட வக்கிரமான ஒரு முரண்பாட்டை நம் சட்டத்தில் நான் பார்த்ததில்லை. எவ்வளவு வேலை என்று தெரியாமலும் இல்லை. 2019இல் ஒன்றிய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம்.

இந்தச் சுவரில் முதல் விரிசலை விட்டது நம் சென்னை உயர் நீதிமன்றம். 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு அது. கணவர் பல வருஷம் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, வந்த பணத்தில் சொத்து வாங்கினார். திரும்பி வந்த கணவர், எல்லாம் என் பணம், எனக்காகத்தான் அவள் வைத்திருந்தாள் என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட, பிள்ளைகள் தாய்க்கு எதிராக அதைத் தொடர்ந்தார்கள். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதில் இருவருக்கும் சம உரிமை என்று சொல்லி, சில சொத்துகளில் அந்தத் தாய்க்குப் பாதியை நீதிபதி கொடுத்தார். இதை அங்கீகரிக்கச் சட்டம் இல்லை, அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கவும் சட்டம் இல்லை என்பது அவருடைய வாதம்.

அன்று சென்னை வக்கீல்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. அது விவாகரத்து வழக்கே அல்ல, சொத்துரிமை வழக்கு. இன்னொன்று, ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பை வைத்து நாடு முழுவதும் பங்கு கேட்க முடியாது. வேறு உயர் நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்லலாம். அந்த அம்மா பெயரில் பத்திரம் இருந்தும் கிடைத்தது பாதிதான் என்பதையும் கவனியுங்கள். பத்திரமே இல்லாத கூடுவாஞ்சேரி அம்மாவுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு வாதம் மட்டுமே.

கோவாவில் என்ன செய்கிறார்கள்? 1867இல் போர்த்துக்கல் இயற்றிய சிவில் சட்டம், இந்தியா கோவாவை எடுத்துக்கொண்ட பிறகும் 1962இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அப்படியே நீடித்தது. கல்யாணத்துக்கு முன்பு நோட்டரியிடம் வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொண்டாலன்றி, திருமணம் ஆனதும் இருவர் சொத்தும் பொதுச் சொத்தாகிவிடும். முன்பே வைத்திருந்ததும், பிறந்த வீட்டிலிருந்து வந்ததும் சேர்த்து, ஆளுக்குப் பாதி. மனைவி கையெழுத்து இல்லாமல் கணவர் வீட்டை விற்க முடியாது. 2019இல் உச்ச நீதிமன்றம் கோவாவை முன்மாதிரி என்று புகழ்ந்தது. எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. பொதுச் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தைப் பழைய சட்டம் கணவரிடம் கொடுத்தது. உரிமை பாதி, சாவி ஒருவரிடம் என்றால் மற்றவர் பாதியைக் கண்ணால் பார்ப்பதே சிரமம்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி தொகுத்தார். உள்ளூர் முதலியார்கள் பன்னிரண்டு பேர் சரிபார்த்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். கணவன் வழியில் வந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், இருவரும் வாழ்ந்த காலத்தில் சேர்த்தது தேடியதேட்டம். முன்னோர் சொத்து அவரவருக்கு, தேடியது இருவருக்கும் பொது. 1911இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டமும், யார் பெயரில் வாங்கியிருந்தாலும் தேடியதேட்டத்தில் இருவருக்கும் சம உரிமை என்று எழுதியது. 1947இல் திருத்தி, அந்த உரிமையைத் துணைவர் இறந்த பிறகு வரும் பங்காகச் சுருக்கிவிட்டார்கள். அதே தேசவழமையில், மனைவி தன் சீதன நிலத்தை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றும் இருக்கிறது. பெருமைப்பட முழுசாக ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் அந்தப் பகுப்பு, அதாவது வந்தது வேறு, தேடியது வேறு என்ற பகுப்பு, இன்றைக்கும் நமக்குப் போதும் என்பது என் கருத்து.

டெல்லியில் ஒரு முயற்சி நடந்தது. திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, 2010. மாநிலங்களவை 2013 ஆகஸ்ட் 26 அன்று நிறைவேற்றியது. திருமண உறவு மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணத்தில் கொடுக்கும் விவாகரத்தில், கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டு என்றது. மக்களவையில் நிறைவேறாமலே 2014இல் அந்த அவை கலைந்தது, மசோதா காலாவதியானது. அந்த மசோதாவில் எனக்கு இரண்டு குறை. பங்கு எவ்வளவு என்பதை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். அப்படியானால் வழக்கு குறையாது, கூடும். கணவரின் பூர்வீகச் சொத்து மதிப்பையும் கணக்கில் எடுக்கலாம் என்றார்கள்; பாட்டன் வாங்கிய வயலுக்கு மருமகள் உழைப்பு காரணமல்ல. திருமணத்துக்குப் பிறகு இருவர் உழைப்பில் வந்ததை மட்டும் எடுத்து, சரிபாதி என்று சட்டமே சொல்லிவிட வேண்டும்.

உடனே ஒரு கேள்வி வரும். இரண்டு வருஷம் வாழ்ந்துவிட்டுப் போகிறவளுக்கும் பாதியா? ஆமாம், அந்த இரண்டு வருஷத்தில் வாங்கியதில் பாதி. பெரும்பாலும் ஒரு பிரிட்ஜ், ஒரு ஸ்கூட்டர், அதற்கான கடன். கடன் என்று நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சொத்தில் பாதி என்றால் குடும்பத்துக்காக வாங்கிய கடனிலும் பாதி. மனைவி ஐ.டி. கம்பெனியில் சம்பாதித்துத் தன் பெயரில் ஃபிளாட் வாங்கியிருந்தால் அதிலும் கணவருக்குப் பாதி. பெண்கள் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது முன்வரிசையில் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். ஒருபக்கமாக மட்டும் ஓடும் சட்டத்தைக் கேட்க எனக்கு வாய் வராது.

சட்டம் வரும்போது வரட்டும், அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. வீடு வாங்கும்போதே கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரையும் போடுங்கள். மனைவி பெயரிலேயே பதிவதற்கும் ஒரு சலுகை உண்டு: 2025 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு, பெண்கள் பெயரில் பதியும் 10 லட்ச ரூபாய் வரையான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. சென்னையைச் சுற்றி 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள். மாவட்டங்களில் மனை கிடைக்கும். மனைவியின் நகையை விற்றோ அடகு வைத்தோ பணம் போட்டால், அதை வங்கிக் கணக்கு வழியாகப் போடுங்கள். கையில் கொடுத்த பணம் நீதிமன்றத்தில் பேசாது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களுக்குத்தான் இன்று சொத்தைப் பிரிக்க உண்மையான வாய்ப்பு இருக்கிறது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால் சேர்ந்து மனு போடலாம். அதன்பின் காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த அவசரத்தில்தான் தவறு நடக்கிறது. "வீட்டை எழுதிக் கொடுத்துடறேன்னு சொல்லியிருக்கார் மேடம்" என்பார்கள். சொன்னால் போதாது. சர்வே எண், நான்கெல்லை, அளவு எல்லாம் சொத்து விவரமாக மனுவிலேயே இருக்க வேண்டும். வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்தைச் சமரசத் தீர்ப்பில் எழுதிக்கொண்டால், பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவின்படி அதைத் தனியாகப் பதிய வேண்டும். அதற்குள் அவர் மனம் மாறிவிட்டால் மறுபடி படியேற வேண்டும்.

வீட்டின் மேல் கடன் இருந்தால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். பல வீட்டுக்கடன்களில் மனைவியும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார். வீடு எனக்கு, தவணையும் நானே கட்டுகிறேன் என்று கணவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுப்பார். தீர்ப்பிலும் அது ஏறும். வங்கி அந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல, அதைத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால், விவாகரத்து ஆகி மூன்று வருஷம் கழித்து, வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் நோட்டீஸ் வரும். சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். ஆகவே விவாகரத்தை உறுதிசெய்யும் இரண்டாவது மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, கடனை முடித்த சான்றையோ, உங்கள் பெயரை நீக்கியதாக வங்கி தரும் கடிதத்தையோ கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்தா ஒன்று தள்ளிப் போனாலும் பரவாயில்லை.